கரண்ட் எடுத்த கசடு கழனிக்கு வரலாமா?

போன ஆடி மாதம் ஒரு காலை. பக்கத்துக் கழனிக்காரர் வேலி ஓரம் நின்று, "சார், ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்களேன்" என்று கூப்பிட்டார். அவர் வரப்பில் ஒரு டிராக்டர் டிரெய்லர் நின்றது. உள்ளே கறுப்பாக, பொலபொலவென்று, காய்ந்த மக்கு மாதிரி ஒரு பொருள். வாடை அதிகம் இல்லை.

கொண்டுவந்த தம்பி விளக்கம் சொன்னார். "பட்டணத்துல சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ற இடத்துல இருந்து வருது சார். அதுல இருந்து காஸ் எடுத்து, கரண்டும் எடுத்து, மிச்சம் வர்ற கசடு இது. உங்க கோபர் காஸ் சிலரி மாதிரிதான். சுத்தமான இயற்கை உரம்." விலை, தொழு உரத்துக்குக் கொடுப்பதில் பாதிகூட இல்லை.

பக்கத்துக் கழனிக்காரர் மூன்று வருஷமாக ரசாயனம் தொடாமல் கீரை போடுகிறவர். எங்கள் பங்கேற்புச் சான்றுக் குழுவில் அவரும் ஒருவர். என்னைப் பார்த்துக் கேட்டார்: "போன கூட்டத்துல நீங்கதானே சார் சொன்னீங்க, காஸ் போன பிறகு வர்ற சிலரிதான் உசத்தின்னு? இதுவும் அதுதானே?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "ரெண்டு நாள் பொறுங்க, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். டிரெய்லர்காரர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார்.

தெரியாத விஷயத்தில் உடனே தலையாட்டக் கூடாது என்பதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். எண்பதுகளில் ஒரு கிராமக் கிளையில் ஃபீல்டு ஆபீசராக இருந்தேன். தேசிய சாண எரிவாயுத் திட்டம் வந்த காலம். சப்சிடி உண்டு, இலக்கு உண்டு. வரிசையாகக் கடன் கொடுத்தோம். மாடு எத்தனை, சாணம் எவ்வளவு, அதைக் கரைத்து ஊற்ற வீட்டில் யாருக்கு நேரம் என்று நான் கேட்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து வசூலுக்குப் போனபோது, சில வீடுகளில் இரும்பு டிரம் துருப்பிடித்து ஓட்டையாகி, குழிக்குள் கோழி அடைந்து கிடந்தது. அந்தக் கையெழுத்துகள் என்னுடையவை. அதனால் இந்த முறை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்வது என்று முடிவு செய்தேன். பழைய சக ஊழியர் ஒருவரின் மகன் இந்தத் துறையில் பொறியாளர். அவர் ஏற்பாட்டில் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை அரைநாள் சுற்றிப் பார்த்தேன். பார்த்ததையும், அதன்பின் படித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

சாக்கடை எப்படிக் கரண்ட் ஆகிறது?

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய நான்கு இடங்களிலும் கழிவுநீரைச் சுத்தம் செய்யும்போது வரும் காஸை வைத்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் 2000களின் நடுவில் கட்டப்பட்டன. கொடுங்கையூரில் அப்போது அமைத்த ஆலை ஒரு நாளைக்கு 11 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் அளவுடையது.

முதலில் சாக்கடை நீர் கம்பிச் சல்லடை வழியாக வரும். துணி, பிளாஸ்டிக் எல்லாம் அங்கே நின்றுவிடும். அடுத்த தொட்டியில் மணல் படியும். பிறகு பெரிய வட்டத் தொட்டியில் தண்ணீர் மெதுவாக நகரும்போது கனமான அழுக்கு அடியில் தங்கும். இது முதல் கசடு. மேலே தெளிந்த தண்ணீர் காற்றூட்டும் தொட்டிக்குப் போகும். அங்கே ராட்சத ஊதிகள் காற்றை உள்ளே தள்ள, காற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கரைந்திருக்கும் அழுக்கைத் தின்று பெருகும். பெருகிய நுண்ணுயிர்களை அடுத்த தொட்டியில் படியவிட்டு, மிச்சமானதை எடுப்பார்கள். இது இரண்டாம் கசடு.

இரண்டு கசடையும் கெட்டியாக்கி, காற்றுப் புகாத பெரிய மூடிய தொட்டிக்குள் விடுகிறார்கள். நம் கோபர் காஸ் குழியின் பெரிய அண்ணன் அது. உள்ளே சுமார் 35 டிகிரி வெப்பம் இருந்தால் நல்லது. இருபது, இருபத்தைந்து நாள் கசடு உள்ளேயே இருக்கும். நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துக் காஸாக மாற்றும். அதில் 60 முதல் 65 பங்கு மீத்தேன். மீதி பெரும்பாலும் கரியமில வாயு. கொஞ்சமாக ஹைட்ரஜன் சல்பைடு, அதாவது அழுகிய முட்டை வாடை அடிக்கிறதே, அது.

அந்த வாடைக் காஸ்தான் என்ஜினுக்கு எமன். ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். அதனால் காஸை முதலில் கழுவிச் சுத்தம் செய்கிறார்கள். பட்டணத்துக் காஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஷாம்பு, அழகுப் பொருள்களில் இருக்கும் சிலிகான் சேர்மங்கள் காஸோடு கலந்து வந்து, என்ஜினுக்குள் எரியும்போது மணல் மாதிரி படிந்து தேய்மானம் உண்டாக்கும். நம் மாட்டுச் சாணத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

சுத்தம் செய்த காஸ் பெரிய என்ஜினில் எரிந்து ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. கரண்ட் வருகிறது. அந்தக் கரண்ட் பெரும்பாலும் அந்த ஆலையின் ஊதிகளுக்கும் பம்புகளுக்கும்தான் போகிறது.

இது புதுசும் இல்லை. 1890களிலேயே இங்கிலாந்தில் எக்சிடர் நகரத்தில் கழிவுத் தொட்டிக் காஸை வைத்து விளக்கு எரித்திருக்கிறார்கள். அதே காலத்தில் நம் பம்பாயில் மாட்டுங்காவில் இருந்த தொழுநோயாளர் இல்லத்திலும் கழிவிலிருந்து காஸ் பிடித்தார்கள்.

ஒரு ஆளுக்கு எவ்வளவு கரண்ட்?

பேங்க் புத்தி, கணக்குப் போடாமல் விடாது.

ஒரு ஆளின் ஒரு நாள் கழிவிலிருந்து சுமார் 20 லிட்டர் காஸ் கிடைக்கலாம். ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர் காஸுக்குள் சுமார் 6 யூனிட் அளவு வெப்பம் இருக்கிறது. நல்ல பெரிய என்ஜின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கரண்டாக்கும். ஆக ஒரு கன மீட்டருக்கு 2 யூனிட். அப்படியானால் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 0.04 யூனிட். ஒரு 9 வாட் எல்இடி பல்பு நாலரை மணி நேரம் எரியும். அவ்வளவுதான்.

அதே ஆளின் சாக்கடை நீரை, சுமார் 110 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம், சுத்தம் செய்ய எவ்வளவு செலவு? காற்றூட்டும் முறையில் ஆயிரம் லிட்டருக்கு 0.3 முதல் 0.6 யூனிட் ஆகும். ஆக ஒரு ஆளுக்கு 0.03 முதல் 0.07 யூனிட் வரை. ஆலை நன்றாக ஓடினால் தன் செலவை முழுசாகத் தானே பார்த்துக்கொள்ளும். சுமாராக ஓடினால் பாதிக்கு மேல் பார்த்துக்கொள்ளும். ஆஸ்திரியாவில் ஸ்ட்ராஸ் என்ற ஊரில் இருக்கும் ஆலை, 2005 முதலே தான் செலவழிப்பதைவிட அதிகமாகவே கரண்ட் எடுத்துக் காட்டியது. காஸைப் பெருக்கியது பாதி வேலை. ஊதிகளின் செலவைக் குறைத்தது மீதி.

ஆக இது ஊருக்கே வெளிச்சம் தரும் சங்கதி கிடையாது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் வேலை தன் கரண்ட் பில்லைத் தானே கட்டிக்கொள்கிறது. அதுவே பெரிய விஷயம்தான். பில் கட்ட முடியாமல் ஊதியை நிறுத்தினால் அழுக்குத் தண்ணீர் அப்படியே ஆற்றில்தான் போய்ச் சேரும். மீத்தேன் எரியாமல் வெளியே போனாலும் பூமியைச் சூடாக்கும்.

காஸ் போன பிறகு சத்து எங்கே?

இப்போது பக்கத்துக் கழனிக்காரர் கேட்ட கேள்விக்கு வருவோம்.

மீத்தேன் என்பது கரியும் ஹைட்ரஜனும். கரியமில வாயு என்பது கரியும் ஆக்சிஜனும். ஆக, தொட்டியிலிருந்து காஸாக வெளியேறுவது பெரும்பாலும் கரிதான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எதுவும் காஸோடு போவதில்லை. உள்ளே விட்டது உள்ளேயே இருக்கும். தழைச்சத்தில் ஒரு பகுதி, பயிர் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும் அமோனியா வடிவத்துக்கு மாறியும் இருக்கும். பேங்க் பாஷையில் சொன்னால், காஸ் என்பது வட்டி. சிலரிதான் முதல். வட்டியை எடுத்துச் செலவழித்தாலும் முதல் குறைவதில்லை. கூட்டத்தில் நான் சொன்னது இதைத்தான்.

அப்படியானால் டிரெய்லர்காரர் சொன்னது சரியா? பாதி சரி. சாக்கடைக் கசடிலும் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கின்றன. (சாம்பல்சத்து பெரும்பாலும் தண்ணீரோடு கரைந்து போய்விடும்.) ஆனால் எந்தக் காரணத்தால் சத்து உள்ளேயே தங்குகிறதோ, அதே காரணத்தால் கெட்டதும் உள்ளேயே தங்குகிறது. காட்மியம், ஈயம், குரோமியம், நிக்கல் இவையெல்லாம் காஸாகப் போகாது. நுண்ணுயிர் அவற்றைத் தின்று அழிக்கவும் முடியாது. இன்னொன்றும் நடக்கும். கசடில் ஏறக்குறைய பாதி அளவு அழுகும் பொருள் காஸாகிக் கரைந்துபோவதால், மிச்சமிருக்கும் கசடில் உலோகத்தின் அடர்த்தி முன்பைவிடக் கூடிவிடும். பால் சுண்டச் சுண்ட உப்புக் கரிப்பது மாதிரி.

பட்டணத்துச் சாக்கடையில் வீட்டுக் கழிவறைத் தண்ணீர் மட்டும் வருவதில்லை. முலாம் பூசும் பட்டறை, பேட்டரிக் கடை, சாயப் பட்டறை, வண்டி கழுவும் இடம், ரோட்டில் தேய்ந்த டயர்த் தூள் எல்லாம் ஏதோ ஒரு வழியில் அதில் சேர வாய்ப்பு உண்டு. எந்த ஆலையின் கசடில் எது எவ்வளவு என்பது பரிசோதனை செய்தால்தான் தெரியும். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது.

பூச்சிமருந்து அடித்த நிலம்கூட ஐந்தாறு வருஷத்தில் ஓரளவு தேறிவிடும். காட்மியம் மண்ணில் ஏறினால் நம் ஆயுசில் இறங்காது. அதிலும் கீரை வகைகள் அதை இழுத்து இலையில் சேர்த்துவைப்பதில் கெட்டி. பக்கத்துக் கழனிக்காரர் போடுவதும் கீரைதான். நஞ்சில்லாத கீரை என்று நம்பி ஒரு தாய் வாங்கிக் குழந்தைக்கு மசித்துக் கொடுப்பாள். இதை நினைத்தபோதுதான் எனக்கு அந்த டிரெய்லரின் விலை சரியாகப் புரிந்தது.

புழு முட்டையும் இருக்கிறது. 35 டிகிரிச் சூட்டில் இருபது நாள் கிடந்தாலும் குடல் உருளைப்புழுவின் முட்டைகள் எல்லாம் சாவதில்லை. கசடைத் தொடும் கைக்கும், பச்சையாகத் தின்னும் கீரைக்கும் அது ஆபத்து.

அமெரிக்காவின் அங்ககச் சான்று விதிகள் சாக்கடைக் கசடை அடியோடு தடை செய்கின்றன. நம் ஊரில் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்ட்டுக்கே வரம்பு வைத்திருக்கிறது: ஒரு கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, குரோமியம் 50, நிக்கல் 50. அதற்கு மேல் போனால் விற்கக் கூடாது. யாராவது இப்படிக் கசடோ நகர மக்கோ கொண்டுவந்தால் நாம் கேட்க வேண்டியது நாலே கேள்வி:

1. எந்த ஆலையிலிருந்து வருகிறது, எழுத்தில் தர முடியுமா?
2. அந்த ஆலைக்கு வரும் சாக்கடையில் பட்டறை, தொழிற்சாலைக் கழிவு சேருகிறதா?
3. இந்தக் குவியலுக்கான கன உலோகப் பரிசோதனை அறிக்கை எங்கே?
4. நம் சான்றுக் குழு இதை ஒத்துக்கொள்கிறதா?

ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

நம் வீட்டில் கரண்ட் எடுக்கலாமா?

ஆலையைப் பார்த்துவிட்டு வந்த ஜோரில் எனக்கும் ஆசை வந்தது. நம் கோபர் காஸிலும் ஒரு சின்ன ஜெனரேட்டரை மாட்டினால் என்ன? விலை விசாரித்து ஒரு கொட்டேஷனும் வாங்கிவிட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

என்னிடம் நாலு மாடு, ஒரு கன்று. ஒரு நாளைக்கு 50 கிலோ சாணம். 25 கிலோ சாணத்துக்கு ஒரு கன மீட்டர் வீதம் 2 கன மீட்டர் காஸ். சின்ன ஜெனரேட்டருக்குப் பெரிய என்ஜின் மாதிரி திறமை கிடையாது. ஒரு கன மீட்டருக்கு 1.3 யூனிட் வந்தால் பெரிசு. ஆக நாள் முழுக்கச் சேர்த்த காஸில் 2.6 யூனிட். ஒரு 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு 4 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். முப்பத்தைந்து, நாற்பது நிமிஷத்தில் காஸ் காலி. அதுவும் பம்ப்செட்டுக்கு இலவச மின்சாரம் இருக்கும் ஊரில்.

அதே காஸை அடுப்பில் எரித்தால்? ஒரு கன மீட்டர் காஸ் சுமார் 0.45 கிலோ சிலிண்டர் காஸுக்குச் சமம். 2 கன மீட்டருக்கு 0.9 கிலோ. ஒரு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. கணக்குப்படி பதினாறு நாளைக்கு ஒரு சிலிண்டர் மிச்சம். மழைக்காலத்தில், மார்கழிக் குளிரில் காஸ் குறையும் என்று வைத்தாலும் மாதம் ஒரு சிலிண்டருக்குக் குறையாது. கொட்டேஷனை மடித்து எடுத்து வைத்துவிட்டேன்.

கரண்ட் எடுப்பது நூறு மாடு இருக்கும் பண்ணைக்கு, கோசாலைக்கு, சேலம் நாமக்கல் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்குப் பொருந்தும். நூறு மாட்டுச் சாணம் ஆயிரம் கிலோ என்றால் 40 கன மீட்டர் காஸ், ஐம்பது யூனிட் பக்கம் வரும். அங்கேயும் வாடைக் காஸை வடிகட்டியாக வேண்டும். லேத் பட்டறையில் கிடைக்கும் இரும்புச் சுருளை நனைத்துத் துருப்பிடிக்கவைத்து, ஒரு குழாயில் அடைத்து, அதன் வழியாகக் காஸை விட்டால் துரு அந்த வாடையைப் பிடித்துக்கொள்ளும். சுருள் கறுத்ததும் வெளியே எடுத்து ஈரமாகவே பரப்பிவிட்டால் மறுபடி துருவாகும். அப்போது அது சூடாகும். வைக்கோல் போர் பக்கம் போடாதீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காஸ் குழியைச் சுத்தம் செய்கிறேன் என்று யாரும் உள்ளே இறங்க வேண்டாம். வாடை தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும்.

சின்ன விவசாயிக்கு லாபம் சிலரியில்தான். என் குழியிலிருந்து ஒரு நாளைக்குச் சுமார் நூறு லிட்டர் சிலரி வருகிறது. வருஷத்துக்குக் காய்ந்த எடையில் இரண்டரை டன். அதில் 35 முதல் 40 கிலோ தழைச்சத்து இருக்கும். யூரியாக் கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய இரண்டு மூட்டை. கூடவே மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மண்புழுவுக்குத் தீனியும். இதே சாணத்தை வறட்டி தட்டி எரித்திருந்தால் தழைச்சத்து முழுக்கப் புகையில் போயிருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: சிலரியை வெயிலில் பரப்பிக் காயவிட்டால் அமோனியா பறந்துவிடும். வாய்க்கால் தண்ணீரோடு கலந்து விடுங்கள். இல்லாவிட்டால் காய்ந்த சருகு, வைக்கோல் மேல் ஊற்றி மூடி மக்கவிடுங்கள்.

கடைசியில்

மூன்றாம் நாள் பக்கத்துக் கழனிக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். டிரெய்லர்காரருக்குப் போன் போட்டுப் பரிசோதனை அறிக்கை கேட்டார். "அதெல்லாம் எதுக்குண்ணே, எல்லாரும் வாங்கறாங்க" என்று பதில் வந்தது. "அப்ப வேணாம் தம்பி" என்று வைத்துவிட்டார்.

அப்புறம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "நம்ம நெல்லு, கீரை, பாலு எல்லாம் பட்டணம் போவுது சார். அங்க தின்னுட்டு, அதுல கரண்டும் எடுத்துக்கறாங்க. நம்ம மண்ணோட சத்து திரும்பி வரவே வராதா?"

பட்டறைக் கழிவு ஒரு குழாயிலும் கழிவறைத் தண்ணீர் வேறு குழாயிலும் போகிற அன்றைக்கு வரலாம் என்றேன். அதைப் பட்டணத்துக்காரர்கள்தான் செய்ய வேண்டும். நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரைக்கும் நம் கையில் இருக்கும் சாணம், மூத்திரம், உமி, வைக்கோல், கீரைத் தண்டு எதையும் கழனியைவிட்டு வெளியே அனுப்பாமல் இருக்கலாம்.

அவரிடம் இரண்டு மாடு. குழி கட்டும் அளவுக்குச் சாணம் கிடையாது. அதனால் இப்போதைக்கு என் சிலரியில் வாரம் ஆறு குடம் அவருக்குப் போகிறது. வாரம் ஒரு கட்டுக் கீரை எனக்கு வருகிறது. வட்டி கணக்கு நாங்கள் பார்ப்பதில்லை.